பதினொன்றாம் வரிசை, நான்காம் செடி

எங்கள் எண்ணெய்வித்து நிலையத்தின் களக் கையேட்டில் காரணம் சொல்லாத விதி ஒன்று இருக்கிறது. "கழிக்கவேண்டிய செடிக்கு எந்த நிறத்திலும் நூல் கட்டக் கூடாது. தண்டில் சுண்ணாம்புப் பட்டை போடுக." மற்ற விதிகளுக்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் விளக்கம் உண்டு. இதற்கு மட்டும் கிடையாது. நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, மிக்சர் தட்டைக் கையில் கொடுத்து, என்னைப் பற்றி நானே நம்பாத பல விஷயங்களைப் பேசி முடித்தார்கள். பிறகு இளைய விஞ்ஞானி ஒரு பெண் பக்கத்தில் வந்து கேட்டார்.

"சார், இந்த விதியை நீங்கதான் எழுதினீங்களாமே. நூல் கட்டினா என்ன சார் தப்பு?"

"வெயில்ல வெளுத்துடும்மா," என்றேன்.

நியாயமான பதில். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சூரியகாந்தியோடு ஒரு ஆயுளைக் கழித்தவன் என்பதால் என் வார்த்தைக்கு நிலையத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் நான் சொன்ன அந்த நூல் இன்று வரைக்கும் வெளுக்கவில்லை. அதுதான் சங்கடம்.

நான் திருச்சியில் ஒரு குமாஸ்தாவின் மகன். எங்கள் வீட்டில் வளர்ந்த ஒரே செடி துளசி. அதற்கும் தண்ணீர் ஊற்றியது அம்மா. இரண்டு வருட விவசாயப் பட்டயப் படிப்பில் ஏர் ஓட்டுவது எப்படி என்று ஆறு பக்கம் படித்தேன். மாடு அந்த ஆறு பக்கத்தைப் படித்திருக்கவில்லை. இந்தத் தகுதியோடு, அறுபதுகளின் கடைசியில், என்னை நெய்வேலிக்கு அனுப்பினார்கள். எண்ணெய்ப் பஞ்சத்துக்கு மருந்தாகச் சூரியகாந்தி வரப்போகிறது என்று எங்கோ தீர்மானமாகி, சின்னதாக ஒரு திட்டம் போட்டு, நிலக்கரி மைன்ஸ் தோண்டிக்கொண்டு வருகிற திசையில், கையகப்படுத்தி இன்னும் தோண்டாமல் கிடந்த நான்கு ஏக்கரை இரவல் வாங்கியிருந்தார்கள். பதவியின் பெயர் கள உதவியாளர். தகுதிகாண் பருவம் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தப்பு எழுதப்பட்டால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அப்பா என் வேலையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். பஸ் ஏறுவது அத்தனை சுலபம் இல்லை.

நிலத்தின் ஒரு பக்கம் முந்திரித் தோப்பு. மறுபக்கம் தூரத்தில் மண்ணை அள்ளும் ராட்சதச் சக்கரத்தின் முனகல். சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற நிலத்தடி நீர் கால்வாயில் வந்து எங்கள் செடிக்குப் பாயும். ஷிப்ட் சங்கு ஊதினால் பாத்தி மாற்ற வேண்டிய நேரம் என்று பூங்காவனத்துக்குத் தெரியும். என் கடிகாரம் நின்றுபோனாலும் எங்கள் திட்டம் ஓடியது அதனால்தான்.

பூங்காவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். இரண்டு பெண் பிள்ளைகள். இதே நான்கு ஏக்கரில், இது வேறொருவர் நிலமாக இருந்த காலத்தில், நாற்று நட்டவர், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை பிடுங்கியவர். நிலம் போனபோது பட்டா இருந்தவர்கள் பெயரெல்லாம் ஏதோ ஒரு பட்டியலில் வந்தது. பூங்காவனத்துக்குப் பட்டா இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. எங்களிடம் மஸ்டர் ரோலில் தினக்கூலி. பன்னிரண்டு வயது மூத்தவரை நான் "நீ" என்றேன். அவர் என்னை "நீங்க" என்றார். அது அப்போது எனக்கு உறுத்தவே இல்லை. இப்போது எழுதும்போது "அவர்" என்று போடுகிறேன். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள்.

மேலதிகாரி அம்பலவாணன். காக்கி அரைக்கால் சட்டை, சோலா தொப்பி, சட்டைப் பையில் ஒரு லென்ஸ், ஒரு பேனாக்கத்தி, ஒரு சிவப்புப் பென்சில். பக்கத்து மாவட்டத்து நிலையத்திலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை வருவார். எல்லாரும் அவருக்கு "மிஸ்டர்". அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. களப் பதிவேட்டைப் புரட்டுவார். பிடிக்காத இடத்தில் ஓரத்தில் சிவப்பாக ஒரு கேள்விக்குறி போடுவார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியைக் கனவில் பார்த்து நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கொக்கி மாதிரி வளைந்து, கீழே ஒரு புள்ளி. மீன் பிடிக்க வந்தவர் மாதிரி அதைப் போடுவார். மீன் நான்தான்.

விதை வெளிநாட்டிலிருந்து சின்னத் துணிப் பைகளில் வந்தது. விதைத்தோம். முளைத்து வளர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு முதல் பயம் பிடித்தது. ஒரு செடி என் இடுப்புக்கு, பக்கத்துச் செடி எனக்கு மேலே ஒரு முழம். ஒன்று ஒற்றைத் தலை, இன்னொன்று கிளை விட்டுப் பத்துத் தலை. ஒன்று பூக்கும்போது இன்னொன்று மொட்டே வைக்கவில்லை. விதை கறுப்பு, சாம்பல், வரிவரியாக. நெல் வயல் மாதிரி ஒரே மட்டமாக வரும் என்று நினைத்திருந்த நான், ஏதோ கலப்படம் ஆகிவிட்டது, பழி என் மேல்தான் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, அம்பலவாணன் வந்ததும் நானே போய் ஒப்புக்கொண்டேன்.

அவர் செடிகளைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம்.

"மிஸ்டர் ரங்கநாதன், எல்லாம் ஒரே மாதிரி இருந்தா நமக்கு இங்க என்ன வேலை? வித்தியாசம் இருந்தாத்தான் பொறுக்க முடியும்."

அதுதான் பாடம். மொத்தத்துக்கும் அதுதான். பிறகு செய்முறையைச் சொல்லிக் கொடுத்தார். சூரியகாந்தி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது குறைவு. தேனீ பக்கத்துச் செடியிலிருந்து கொண்டு வந்தால்தான் மனசோடு காய்க்கும். அதனால் ஒரு செடி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்பதும் நல்லதாக இருக்க வேண்டும். ஆகாத செடி ஒன்று பூத்துவிட்டால் அதன் தூள் ஊர் முழுக்கப் போய்விடும். முதல் பருவத்தில் தாய்ச் செடிகளைப் பொறுக்குவது. ஒவ்வொரு தலையின் விதையையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டப்பாவில் பூட்டுவது. மறு பாதியை அடுத்த பருவம் ஒரு தாய்க்கு ஒரு வரிசையாக விதைப்பது. பிள்ளைகளைப் பார்த்துத்தான் தாயைப் பற்றித் தீர்ப்பு. பிள்ளைகளிலும் தறுதலைகள் இருக்கும். கிளை விட்டது, ஓங்கி வளர்ந்தது, பிந்தியது. அவற்றைப் பூ விரிவதற்கு முன்னால் வெட்டி எறிந்துவிட வேண்டும். மீதி தங்களுக்குள் கலந்துகொள்ளட்டும்.

முதல் பருவ அறுவடையில்தான் அம்பலவாணன் பூங்காவனத்தைக் கண்டுபிடித்தார். சூரியகாந்தியில் பெரிய தலை என்பது ஏமாற்று. தாம்பாளம் மாதிரி இருக்கும், நடுவில் கை அகலத்துக்கு எல்லாம் பதராக இருக்கும். அவர் பேனாக்கத்தியால் கீறி, லென்ஸ் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் பின்னாலிருந்து, "அது பொக்கை சார்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பின்பக்கம் கட்டை வெரலால அழுத்திப் பாருங்க. அமுங்கிக்கினு போச்சின்னா உள்ள ஒண்ணும் இல்ல. பூசணிக்கா மாதிரிதான்."

அவர் பத்துத் தலைகளைப் பூங்காவனத்திடம் கொடுத்தார். அழுத்திப் பார்த்துச் சொன்னார். கீறிப் பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றுக்கும் "அது ஈரமா இருக்குது, நாளைக்கிக் கேளுங்க," என்று பூங்காவனம் வாதாடினார். அம்பலவாணன் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பூங்காவனம் பொறுக்கிக் கொடுத்த ஒரு தலை, குட்டைச் செடியில் காய்த்தது, தலை சின்னது, நடு வரைக்கும் கறுப்பு விதை நெருக்கிக்கொண்டு நிறைந்திருந்தது. மறு பருவத்தில் அதுதான் பதினொன்றாம் வரிசை ஆனது.

போகும்போது அம்பலவாணன் என்னிடம் சொன்னார். "நிரந்தரக் களப் பணியாளர் இடம் ஒண்ணு வருது. அந்த அம்மா பேரை எழுதியிருக்கேன். திட்டம் இங்கேருந்து எங்க போனாலும் கூட வரலாம், குவார்ட்டர்ஸ் உண்டு."

நான் அதைப் பூங்காவனத்திடம் சொன்னபோது அவர் களைக்கொட்டை நிறுத்தவில்லை.

"பர்மனென்டா சார்?"

"பர்மனென்ட்தான்."

"எழுதிட்டாரா, எழுதறேன்னு சொன்னாரா?"

"எழுதிட்டார்."

அந்தப் பாத்தியைக் கொத்தி முடித்தார். பிறகு, "எம்பொண்ணு ரெண்டும் படிக்கட்டும்," என்றார். யாரிடமோ வழக்காடி ஜெயித்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இரண்டாம் பருவம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு முப்பது செடி. நெஞ்சு மட்டத்துக்கு வளர்ந்து மொட்டு வைத்து, இன்றோ நாளையோ விரியும் என்று நின்றது. தறுதலைகளை அடையாளம் வைக்கும் வேலை எனக்கு. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாத நாள்களில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. மைன்ஸில் வெடி வைக்கும் இடத்தில் சிவப்புக் கொடி கட்டுகிறார்கள். ஆபத்து என்றால் சிவப்பு. ஆகவே வெட்ட வேண்டிய செடிக்குச் சிவப்பு நூல். டவுன்ஷிப் கடையில் ஒரு உருண்டை வாங்கி வந்து, கிளை விட்டது, ஓங்கினது என்று பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டேன். வரிசைக்கு நான்கைந்து தேறியது. மறுநாள் காலையில் வெட்டிவிடலாம்.

மறுநாள் விடிந்ததும்தான், முந்தைய நாள் தபாலில் வந்து கிடந்த அம்பலவாணனின் கார்டைப் பார்த்தேன். "முதல் பஸ்ஸில் வருகிறேன். பதிவேட்டைத் தயாராக வைக்கவும்."

பதிவேட்டில் எட்டு நாள் காலியாக இருந்தது.

காலையில் எத்தனை டிகிரி, மதியம் எத்தனை, மழைமானியில் எவ்வளவு, எந்த வரிசை எப்போது மொட்டு வைத்தது, எல்லாம் தினமும் எழுத வேண்டியது. நான் எழுதியிருக்கவில்லை. ஏன் என்றால், கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரே இடத்தில் ஏறுகிற ஒரு பெண்ணை எந்த நேரத்துக்குப் போனால் பார்க்கலாம் என்பதைத்தான் அந்த எட்டு நாளும் துல்லியமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து வெப்பநிலையைக் கற்பனை செய்ய ஆரம்பித்தேன். முப்பத்தொன்று என்று போட்டேன். நன்றாக இருந்தது. அடுத்த நாளுக்கும் முப்பத்தொன்று. சந்தேகம் வரும் என்று அரை டிகிரி கூட்டினேன். மழைமானியைத் திறந்து பார்த்தால் எறும்பு. எறும்பு புற்று வைக்கிற அளவுக்கு வறட்சி என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டேன். அவசரத்தில் அந்தப் பூஜ்யம் கத்தரிக்காய் மாதிரி வந்தது.

அந்த நேரத்தில் பூங்காவனம் அரிவாளோடு வந்து நின்றார். கூட இரண்டு பெண்கள்.

நான் தலை நிமிரவில்லை. "செவப்பு நூல் கட்டினதை நல்லாப் பாத்துக்க. கழிக்கிற செடி ஒண்ணுகூடப் பூக்கக் கூடாது. பெரியவர் வர்றதுக்குள்ள வெட்டி வரப்புல போட்டுடு."

"கட்டினது கொஞ்சமாத்தான் இருக்குது. வெட்றது ரொம்ப இருக்கும்போல. அதுக்குள்ள ஆவுமா சார்?"

"ஆகணும்."

அவர் போகவில்லை. நான் செவ்வாய்க்கிழமையின் மதிய வெயிலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்ல செடியாத்தான் இருக்குது சார்."

"நல்லது கெட்டதெல்லாம் நான் பாத்தாச்சு. போ. சொன்னதைச் செய்."

போனார். அரிவாள் விழும் சத்தம் கேட்டது. சரசரவென்று நன்றாகத்தான் கேட்டது. ஐம்பது அறுபது செடிக்கு இவ்வளவு நேரமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. புதன்கிழமைக்கு முப்பது டிகிரி.

அந்தப் பக்கத்து ஊர்களில் விதைக்கு விட்ட சுரைக்காய், பூசணி, வெள்ளரி, எதுவானாலும் காம்பில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். இதைத் தொடாதே, இது விதைக்கு என்று அர்த்தம். தெருவில் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். திருச்சிக் குமாஸ்தா மகனுக்குத் தெரியாது. போதாததற்கு "பாத்துக்க" என்றேன். அதை நான் "கவனித்துத் தீர்த்துவிடு" என்று சொன்னேன். அவர் "காப்பாற்று" என்று கேட்டார். தமிழில் இரண்டும் ஒரே வார்த்தைதான். சென்ற பருவத்தில் நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்து பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அம்பலவாணன் தள்ளியதை அவர் பார்த்திருக்கிறார். இந்த வேலையில் கொஞ்சம் நிற்கும், நிறையப் போகும். எல்லாம் பொருந்தித்தான் போயிற்று.

அம்பலவாணன் வந்து நிற்கும்போது நான் பதிவேட்டை மூடிவிட்டு, நிம்மதியாக, அவரோடு வயலுக்கு நடந்தேன். முந்திரி மரத்தைத் தாண்டியதும் பார்த்தேன்.

பன்னிரண்டு வரிசையும் தரையில் கிடந்தன. மொட்டுகள் எல்லாம் கிழக்கே பார்த்தபடியே கிடந்தன. நடுவில் அங்கங்கே, சிவப்பு நூல் கட்டிக்கொண்டு, கிளை விட்ட தடியன்கள் மட்டும் ராஜா மாதிரி நின்றார்கள். களை எடுத்து, சுற்றி மண்கூட அணைத்திருந்தார் பூங்காவனம். அத்தனை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

  அந்த நேரத்திலும் என் மூளையில் ஓடியது, திருச்சி பஸ் எத்தனை மணிக்கு என்பது.

அம்பலவாணன் வரிசை வரிசையாக நடந்தார். குனிந்து ஒரு மொட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கீழே வைத்தார். சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தார். பூங்காவனமும் மற்ற இருவரும் வரப்பில் நின்றார்கள். தப்பு நடந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது, என்ன தப்பு என்று மட்டும் புரியவில்லை.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என் ஆங்கிலம் அதுவரைக்கும் அத்தனை இலக்கணச் சுத்தமாக வந்ததில்லை. சிவப்புக் கட்டியதை வெட்டச் சொன்னேன், இவள் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டாள் என்றேன். தெளிவாகச் சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றேன். திருப்பிக் கேட்டாளா என்றார். இல்லை என்றேன். வரப்பில் நின்றவர்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். ஒரு வார்த்தைகூட அந்தப் பத்தடியைத் தாண்டவில்லை. அந்த மொழியை நான் அதற்காகவே படித்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் நின்றார். பதினொன்றாம் வரிசையில் நான்காவதாக, சிவப்பு நூல் இல்லாமல் ஒரு செடி நின்றிருந்தது. குட்டை. ஒற்றைத் தலை. தண்டு கட்டை விரல் தடிமன். வெட்டிய செடிகளுக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் நிற்கப் பார்க்கிற மாதிரி நின்றது.

"இதை விட்டது யாரு?" என்று தமிழில் கேட்டார்.

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டார். அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் அம்பலவாணனின் முகத்தைப் பார்த்தேன். வேலைக்கு வந்ததிலிருந்து வேறு எதையும் நான் அத்தனை சிரத்தையாகப் படித்ததில்லை. உதட்டு ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

"நான்தான் சார்," என்றேன்.

பூங்காவனம் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கவில்லை. முந்திரி மரத்தைப் பார்த்தேன்.

அம்பலவாணன் நூல் கட்டிய செடிகளை அந்த நிமிஷமே வெட்டச் சொன்னார். தேனீ அண்டாமல் பூவை மூடுகிற துணி உறை எடுத்து வரும் வரைக்கும் பொறுக்காமல், தன் கைக்குட்டையை உதறி அந்தக் குட்டைச் செடியின் மொட்டுக்கு முக்காடு போட்டுக் கட்டினார். கொட்டகையில் உட்கார்ந்து என் பதிவேட்டைப் பார்த்தார். முப்பத்தொன்று, முப்பத்தொன்றரை எல்லாவற்றையும் தாண்டிப் போனார். அன்றையப் பக்கத்தில் "11/4. தேர்ந்தெடுத்தவர்: ரங்கநாதன்" என்று எழுதினார். கேள்விக்குறி போடவில்லை. அவர் போட்டிருக்க வேண்டிய ஒரே இடம் அது.

கிளம்பும்போது சொன்னார். "அந்த அம்மாவுக்குக் கண் இருக்கு. ஆனா சொன்னதைக் காதுல வாங்காதவங்களை நம்பி ஒரு பயிரை விட முடியாது. பேரை எடுத்துடறேன்."

நான் வாயைத் திறந்தேன். கொட்டாவி வருகிற மாதிரி கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்துவிட்டு மூடினேன்.

அந்த இடத்துக்கு வேறு ஊர் ஆள் ஒருவர் வந்தார். சூரியகாந்தித் தலையைப் பூஜைக்குக் கேட்பார். பூங்காவனத்தின் மஸ்டர் ரோலும் மாதக் கடைசியோடு நின்றது. கைக்குட்டைச் செடிக்கு நான் தினமும் காலை ஏழு மணிக்குப் போய், தூரிகையால் தூளை எடுத்துத் தடவி, தானே தன்னோடு காய்க்க வைத்தேன். தானாகக் காய்ப்பது அதற்குக் கஷ்டம் என்று சொன்னேன் இல்லையா. ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற விதைதான் கிடைத்தது. அத்தனையும் கறுப்பு, அத்தனையும் கனம். நடு வரைக்கும் நிறைந்திருந்தது. டப்பாவில் பூட்டி வைத்திருந்த பாதி விதைகளும் இருந்ததால் திட்டம் பிழைத்தது. என் தகுதிகாண் பருவமும் பிழைத்தது. மைன்ஸ் நெருங்கிவிட்டது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. மூட்டை கட்டினோம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பூங்காவனத்தைத் தேடிப் போனேன். மூன்று மாதமாக அந்தப் பார்வை என்னைத் துரத்திக்கொண்டிருந்தது. என்னென்ன திட்டுவார் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு திட்டுக்கும் பதில் தயாரித்தேன். ஒரு இடத்தில் என் பதில் எனக்கே பிடித்துப் போய்ச் சிரித்துக்கொண்டேன் என்றால் என் லட்சணம் புரியும்.

புதிய பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் வேலை. பூங்காவனம் சாந்துச் சட்டியோடு சாரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியைக் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், இந்தப் பக்கம்?"

"சும்மாத்தான். மாத்தல் ஆகுது. சொல்லிட்டுப் போகலாம்னு."

"அந்தச் செடி காச்சிச்சா?"

"காச்சுது."

"நடுவுல?"

"பதரே இல்லை."

 பூங்காவனத்தின் முகம் மலர்ந்தது. "அதோட தாயி வெதைய நான்தான பொறுக்கிக் குடுத்தன். எல்லாத்தியும் வெட்டிக்கினே வந்தனா, அதுகிட்ட வந்ததும் கை எழும்பல. நீங்க சொன்னத மீறி வுட்டுட்டன்."

"பூங்காவனம், அந்த நூலு..."

"நூல் கட்டினா வெதைக்குன்னுதான சார் இருந்தன். வெட்றதுக்கு யாரு சார் நூல் கட்டுவாங்க?" சிரித்தார். "எம்புத்தி அவ்ளோதான். வேல பூட்ச்சி. அது என் தப்பு, உங்கள ஒண்ணும் சொல்லல."

"இல்ல, நான்..."

"ஆனா ஒண்ணு சார். பெரியவரு 'இத வுட்டது யாரு'ன்னு கேட்டாருல்ல. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சி. ஏற்கெனவே ஒரு தப்பு, இப்ப சொல்பேச்சு மீறி இது வேற. நீங்க முன்னால வந்து 'நான்தான்'னு ஏத்துக்கினீங்க. எனக்காவ இங்க யாரும் அப்பிடி நின்னதில்ல. எம்பொண்ணுங்ககிட்டகூடச் சொன்னன். அன்னிக்கி என்னைய அவருதான் பாத்துக்கினாருன்னு."

அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வை அதுதான்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் திட்டுக்கு. நன்றிக்கு ஒன்றுகூட இல்லை. என் முதல் உணர்ச்சி வெட்கம் என்று எழுத ஆசைதான். அது இரண்டாவது. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, திட்டவில்லை. பிறகு மேஸ்திரி குரல் கொடுத்தார், அவர் சட்டியை எடுக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த நான்கு ஏக்கர் இப்போது எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது. நிலம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, குழிதான். அந்தக் குட்டைச் செடியின் வழி வந்த விதையைப் பலரும் பல ஒட்டு ரகங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். குட்டைக்கும், நடு நிறைவதற்கும். நிலையத்தின் குளிர் அறையில் இன்னும் ஒரு பொட்டலம் இருக்கிறது. இளையவர்கள் அதை "ரங்கநாதன் செடி" என்பார்கள். நான் மறுத்ததில்லை. பதவி உயர்ந்து கையேடு எழுதும் இடத்துக்கு வந்தபோது நூல் கூடாது என்று விதி மட்டும் எழுதினேன். காரணத்துக்கு விட்டிருந்த இடத்தை அச்சகத்துக்காரர் வீணாகிறது என்று மூடிவிட்டார்.

ஓய்வு பெற்ற மறு வாரம் விதைக் காப்பகத்துக்குப் போய், பதிவேட்டில் 11/4-க்கு நேரே 'தேர்ந்தெடுத்தவர்' என்ற இடத்தில் பூங்காவனம், வடக்குத்து என்று திருத்தச் சொன்னேன். அங்கிருந்த தம்பி நல்ல பையன். அப்படியெல்லாம் வாய் வார்த்தைக்குத் திருத்த முடியாது சார், எழுத்து மூலமாக, காரணத்தோடு, முறையான வழியில் வர வேண்டும் என்றார். சரியான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காரணத்தை எழுதிவிட்டேன். மேலே இருப்பதுதான். அந்த அம்மா எங்கே என்று கேட்பீர்கள், தெரியாது. அம்பலவாணன் காலமாகிவிட்டார். வயல் இல்லை. பதிவேட்டில் அவர் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது, அதில் கேள்விக்குறிகூட இல்லை. இதெல்லாம் நடந்ததற்கு யார் சாட்சி என்று அந்தத் தம்பி கேட்டால், இந்த ஒரு தடவை உண்மையாகவே சொல்கிறேன்.

நான்தான் சார்.